பொறியும் அணியும்: அணிசெய்த பழந்துப்பாக்கி விசைகளைத் தமிழ்வழி நோக்கல்

முன்னுரை

பேராக் மாநிலத்தில் சித்தியவானுக்கும் புருவாசுக்கும் இடையில் அமைந்துள்ள சிற்றூர் ஆயர் தாவார். அதனைச் சூழ இருந்த இரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாக மாறிவிட்டது. அங்குத் தமிழாசிரியர்களுக்காக நடைபெற்ற பட்டறை ஒன்றில் அணியிலக்கணம் கற்பிக்கும் முறை பற்றிப் பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. உருவக அணியை விளக்கும் முன்னர், பெரிதாக்கப்பட்ட நிழற்படம் ஒன்றைக் குறிப்பேதுமின்றித் திரையில் காட்டினோம். வெண்கலத்தால் ஆன ஒரு விலங்கு, வளைந்த கழுத்து, திறந்த வாய், வாயின் நடுவே ஒரு பிளவு. இஃது என்ன என வினவினோம். பாக்குவெட்டியின் தலைப்பகுதி என்றார் ஒருவர். கோயில் வாகனத்து யாளி முகம் என்றார் மற்றொருவர். குத்துவிளக்கின் உச்சியில் அமரும் அன்னமாகலாம் என்றார் வேறொருவர். துப்பாக்கியின் உறுப்பு என்று எவரும் கூறவில்லை.

விடையைக் கூறியதும் அவையில் சிறு சலசலப்பு எழுந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எழுந்து, "துரையின் தோளில் தொங்கிய துப்பாக்கியைத்தான் எங்களுக்குத் தெரியும், ஐயா. அதை ஏறிட்டுப் பார்க்கவே அஞ்சுவோம். அழகு இருந்ததா என்று யார் பார்த்தது?" என்றார். அவர் கூற்றில் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. நம் முன்னோரின் கைவினை வாழ்ந்த ஒரு பொருளை நாம் ஏன் அடையாளம் காண இயலாதவராய் உள்ளோம் என்பது ஒன்று. கொல்கருவியில் அழகு காண்பது தகுமா என்பது மற்றொன்று. அணிசெய்யப்பட்ட பழந்துப்பாக்கி விசைகள் இதுவரை எவ்வாறு சேகரிக்கப்பட்டும் ஆராயப்பட்டும் வந்துள்ளன என்பதை மதிப்பிட்டு, அவற்றைத் தமிழ்வழி நோக்குவதற்கான நெறி ஒன்றை முன்வைக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1. விசையின் இயக்கம்

துப்பாக்கியின் குழலில் இட்ட மருந்துக்குத் தீயை உரிய கணத்தில் கொண்டுசேர்க்கும் அமைப்பையே இங்கு விசைப்பொறி என்கிறோம். ஆங்கிலேயர் இதனைப் பூட்டு எனப் பொருள்படும் 'லாக்' என்னும் சொல்லால் குறிப்பர். இதன் வரலாறு மூன்று நிலைகளை உடையது. முதலாவது திரிப்பொறி. பொட்டிலுப்பு நீரில் ஊறவைத்து உலர்த்திய திரியைக் கவ்வியிருக்கும் வளைந்த கரம், கீழுள்ள நெம்பை இழுத்ததும் தலைகுனிந்து, குழலின் பக்கத்தே உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் தீயை வைக்கும். இரண்டாவது சக்கிமுக்கிப் பொறி. இதில் திரிக்கு மாற்றாகச் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய கரம் எஃகுத் தகட்டில் மோதித் தீப்பொறியை உதிர்க்கும். மூன்றாவது, 1807இல் சுகாத்துலாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்த தட்டுப்பொறி. அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளைச் சுத்தி ஒன்று தட்டித் தீயூட்டும் முறை இது. 1875இல் இங்கிலாந்தில் ஆன்சன், டீலி ஆகிய இருவர் காப்புரிமை பெற்ற அமைப்பில் சுத்தியும் உள்ளே மறைந்தது. தோட்டத் துரைமார் தோளில் தொங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பெரும்பாலும் இவ்வழி வந்தவை. பொறி கண்ணுக்குப் புலப்படாமற்போன பின்னரே தோட்டத்துத் தமிழர் துப்பாக்கியைக் கண்டனர் என்பது கருதத்தக்கது.

முதலிரு நிலைகளில் பொறியின் கரம் வெளியே தெரிந்தது, அசைந்தது, குனிந்து கடித்தது. அணிசெய்வோனுக்கு அதுவே இடமாயிற்று.

2. சொற்கள் காட்டும் வழி

இப்பொருள் பற்றிய சொற்களை நோக்கின் சுவையான உண்மைகள் புலனாகின்றன. 'துப்பாக்கி' துருக்கிய மூலமுடையது. ஈழத்தமிழர் வழங்கும் 'துவக்கு' என்பதும் சிங்களத்தில் வழங்கும் 'துவக்குவ' என்பதும் அதன் உறவினவே. 'பீரங்கி' ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி' என்னும் சொல்லோடு தொடர்புடையது. 'சக்கிமுக்கி'யும் துருக்கிய வழியில் வந்து தமிழ் ஒலியுருப் பெற்றதே. ஆனால் திரி, மருந்து, குழல், கட்டை, விசை, பொறி என உறுப்புகளையும் செயலையும் குறிப்பவை தமிழ்ச்சொற்கள். கருவி வந்தது, பெயரும் உடன் வந்தது, எனினும் அதனைப் பிரித்துச் செய்யவும் பழுதுபார்க்கவும் அறிந்த கைகள் தம் மொழியிலேயே உறுப்புகளுக்குப் பெயரிட்டன எனலாம்.

மலாய்மொழி இதற்கு இணையான மற்றொரு கதையைக் கூறுகிறது. பழைய மலாய்த் திரித்துப்பாக்கியின் பெயராகிய 'இசுதிங்கார்' போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. இன்று துப்பாக்கிக்கு வழங்கும் பொதுச்சொல்லாகிய 'செனாப்பாங்', 'சினாப்ஆன்' என்னும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'கொத்தும் சேவல்' என்ற அளவில் பொருள்படும் அச்சொல் முதலில் குறித்தது துப்பாக்கியை அன்று. கல்லைக் கவ்விய விசையையே. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவந்த இதனைச் சினையாகுபெயர் என வகுப்பில் எடுத்துக்காட்டலாம். ஆயர் தாவாரிலிருந்து தொலைவில் இல்லாத பங்கோர்த் தீவில், ஈய வணிகத்தைக் காக்க டச்சுக்காரர் 1670இல் எழுப்பிய கோட்டையின் சிதைவை இன்றும் காணலாம். அம்மொழி இக்கரையில் விட்டுச்சென்ற தடங்களுள் செனாப்பாங்கும் ஒன்று.

இவற்றினும் நமக்கு நெருக்கமானது 'பெடில்' என்னும் மலாய்ச் சொல். சுடுகலத்தைக் குறிக்கும் இச்சொல்லைத் தமிழின் வெடி, வெடில் என்பவற்றோடு அறிஞர் தொடர்புபடுத்துவர். சாவி எழுத்தில் எழுதப்பெற்ற மலாய்ச் சுடுகல நூல்கள் 'இல்மு பெடில்' என்றே வழங்குகின்றன. வெடிமருந்தை மலாயர் 'ஊபாட் பெடில்' என்பர். ஊபாட் எனின் மருந்து. உயிரைப் போக்கும் பொடிக்கு உயிரைக் காப்பதன் பெயரைச் சூட்டியதில் இரு மொழியினரும் ஒன்றுபட்டிருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

இனி, 'பொறி' என்னும் சொல். இயந்திரம் என்பது அதன் ஒரு பொருள். தீயின் துகள் என்பது மற்றொன்று. இலச்சினை, அடையாளம் என்பது வேறொன்று. சோழரின் புலிப்பொறி அவ்வகையினது. தீயை உண்டாக்கும் இயந்திரத்தின்மீது உடையோனின் அடையாளத்தையும் பொறித்து வைத்த ஒரு பொருளுக்கு இதனினும் பொருந்திய பெயர் எம்மொழியிலும் அமைவது அரிது. 'அணி' என்பதும் அவ்வாறே. அழகு, ஆபரணம் என்பவற்றோடு படையின் வரிசையையும் அது குறிக்கும். தமிழில் அழகுக்கும் போருக்கும் இடையில் சொல்லளவில் சுவர் எழுப்பப்படவில்லை.

3. விலங்கும் பொறியும்

விசையின் கரத்தை உலகின் பல மொழிகள் உயிர்ப்பொருளாகவே கண்டுள்ளன. ஐரோப்பியர் திரி கவ்வும் கரத்தைப் பாம்பு எனவும், கல் கவ்வும் கரத்தைச் சேவல் எனவும் அழைத்தனர். தமிழ் வழக்கில் அது குதிரை. பாய்வதற்குப் பின்வாங்கி நிற்பதும், விசையைத் தட்டியதும் முன்பாய்வதும் அப்பெயருக்குக் காரணமாகலாம்.

இவ்வுருவகம் துப்பாக்கியோடு நம்மிடையே தோன்றியதன்று. சிலப்பதிகார அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலின் பொறிகள் பட்டியலிடப்படுகின்றன. குரங்கு, சிச்சிலி, பன்றி முதலிய உயிர்களின் பெயரால் அமைந்த பொறிகளும் அவற்றுள் உள. கடிப்பது, கொத்துவது, கிழிப்பது எனும் தொழிலால் அவை அப்பெயர் பெற்றன. தென்னிந்தியத் திரித்துப்பாக்கிகளின் கரம் யாளியாகவும் மகரமாகவும் பறவைத் தலையாகவும் வார்க்கப்பட்டமைக்குப் பின்னே இத்தகைய நெடிய எண்ணமரபு உண்டு என்பதை மறத்தல் கூடாது.

உவமை பிறக்கும் நிலைக்களனாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். இந்நான்கினைக் கொண்டு விசைகளின் அணியை அளந்து பார்க்கலாம் என்பதே நம் கருத்து.

தென்னிந்தியத் திரிப்பொறியின் யாளிக் கரத்தில் வினையும் மெய்யும் ஒருங்கு அமைகின்றன. கரம் வளைந்தே ஆகவேண்டும் என்பது இயக்கத்தின் கட்டாயம். அவ்வளைவே யாளியின் கழுத்தாயிற்று. திரியைக் கவ்வப் பிளவு வேண்டும், அப்பிளவே வாயாயிற்று. நெம்பை இழுத்ததும் தலை குனிந்து தீயால் தீண்டுதல் அதன் தொழில். இங்கு அணியை நீக்கினால் பொறியும் இல்லை. கம்மியன் யாளியைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. பொறியினுள் யாளியைக் கண்டெடுத்தான்.

மைசூர் திப்பு சுல்தானின் துப்பாக்கிகளில் உருவும் பயனும் மேலோங்குகின்றன. சிறீரங்கப்பட்டினத்துப் பணிமனைகளில் செய்யப்பட்ட அவற்றின் சக்கிமுக்கிப் பொறிகள் தொழில்நுட்பத்தில் ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவை. ஆயினும் சிலவற்றில் கல்லைக் கவ்வும் கரமே புலியாகியுள்ளது. புலிவரி குழலிலும் கட்டையிலும் படர்ந்துள்ளது. செய்தோன் பெயரும், திப்புவே வகுத்த மௌலூதி ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாண்டின் எண்களை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். பகைவர்க்கு அச்சம் விளைப்பதாகிய பயனும், வரியாகிய உருவும் இங்கு அணியின் நிலைக்களன்கள். 1799இல் அந்நகர் வீழ்ந்தபின் இவை வெற்றிப்பொருள்களாய் இங்கிலாந்து சென்றன. முனைவர்ப்பட்ட ஆய்வுக்காக அயல்நாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளில் இத்தகையவற்றைக் கண்ணாடிப் பேழைகளில் கண்டிருக்கிறோம். குறிப்பட்டையில் கைப்பற்றிய நாள் இருக்கும். செய்தோனின் தொழில்மரபு இராது.

ஐரோப்பாவில் நிலை வேறு. பாரிசில் 1659இல் சான் பெரேன் வெளியிட்டதைப் போன்ற மாதிரி ஏடுகள் துப்பாக்கிக் கம்மியர்க்கென்றே அச்சாயின. வேட்டைக் காட்சி, கிரேக்கத் தெய்வம், இலைச்சுருள் ஆகியன தாளிலிருந்து எஃகுத் தகட்டுக்கு மாறின. ஒரே வரைவு நாடுகள் பலவற்றில் படியெடுக்கப்பட்டது. செதுக்கின் நுட்பத்தில் இவை ஈடற்றவை என்பதில் ஐயமில்லை. எனினும் தொல்காப்பிய அளவையில் நிறுத்தின், இவற்றுள் பலவற்றின் அணி பொறியின் வினையிலிருந்து பிறக்கவில்லை. அதே இலைச்சுருள் கடிகாரத்தின் மூடியிலும் பொருந்தும். நம் நாட்டில் அச்சேடு இல்லை. வாகனமும் விளக்கும் பாக்குவெட்டியுமே மாதிரி ஏடுகள். ஆயர் தாவார் ஆசிரியர்கள் கூறிய விடைகளைப் பிழை எனத் தள்ள இயலாமைக்கு இதுவே காரணம். அவர்கள் பொருளை அறியவில்லை. ஆனால் மரபைச் சரியாக அறிந்துகொண்டனர்.

4. கூட்டுக் கைவினை

ஒரு துப்பாக்கி ஒருவரால் முற்றுப்பெறுவதன்று. குழலையும் வில்விசையையும் அடிப்பவர் கொல்லர். பித்தளையும் வெண்கலமும் வார்ப்பவர் கன்னார். கட்டையைச் செதுக்குபவர் தச்சர். வெள்ளியும் பொன்னும் பதிப்பது தட்டார் தொழில். கம்மாளரின் ஐந்தொழிலுள் நான்கு ஒரு பொருளில் கூடுகின்றன. தேருக்கும் கோயிற் கதவுக்கும் பிறகு இத்தகைய கூட்டுழைப்பை வேண்டிய பொருள்கள் சிலவே.

இலங்கையில் கண்டி அரசின் 'பட்டல் அத்தர' என்னும் நான்கு பணிமனைகள் இக்கூட்டுழைப்புக்கு அரண்மனை வடிவம் தந்தன. இதனை ஆவணப்படுத்தியவர் ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் நூலில் அன்னம், சேராபெந்தியா என்னும் கற்பனை விலங்கு, லியவெல எனப்படும் கொடிக்கோலம் முதலிய அணிவகைகளை அவற்றின் பெயர்களோடு பதிவுசெய்தார். கண்டித் துப்பாக்கியின் சக்கிமுக்கிப் பொறி இடப்பக்கம் அமைந்தது. பிறநாட்டுத் துப்பாக்கிகளிலிருந்து அதனைப் பிரித்தறிய அதுவே முதற்குறி. இரும்பிலும் பித்தளையிலும் வெள்ளியிலும் கொடிக்கோலம் படர, கட்டையில் தந்தம் பதிக்கப்பட்டிருக்கும். 1765இல் டச்சுப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடிக் கொண்டுசென்ற பொருள்களுள் ஆறு, ஆம்சுடர்டாம் அரசு அருங்காட்சியகத்திலிருந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டன. பீரங்கி, வாள்கள், கத்தி ஆகியவற்றோடு 'மகா துவக்கு' எனப்படும் பெருந்துப்பாக்கிகள் இரண்டும் அவற்றுள் அடங்கும்.

கண்டித் துப்பாக்கி நம் அளவைக்கு ஓர் இடர்ப்பாட்டைத் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொடிக்கோலம் கடிப்பதில்லை, கொல்லும் வினையோடு அதற்கு உறவில்லை. ஆகவே அது ஒட்டப்பட்ட அணி எனத் தள்ளிவிடலாமா? தள்ளுதல் பொருந்தாது. அரசவையில் ஏந்தவும் பரிசிலாக வழங்கவும் செய்யப்பட்ட துப்பாக்கிக்குச் சுடுதல் மட்டுமே வினையன்று, தோன்றுதலும் வினையே. வினை என்பதைக் கருவியின் இயக்கத்தோடு நிறுத்தாமல் அது வாழ்ந்த அவையின் இயக்கத்தோடும் சேர்த்துக் கொள்ளுமாறு இவ்வெடுத்துக்காட்டு நம்மைத் திருத்துகிறது.

5. சேகரித்தலும் சிதைத்தலும்

தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலின் கதை இத்துறையின் பெருந்துயரம். கடைசி மராத்திய மன்னர் சிவாஜி 1855இல் மறைந்தபின் அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. நாயக்கர் காலம் முதல் திரண்டிருந்த படைக்கலன்களுள் தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகம் முதலிய இடங்களுக்குச் செல்ல, எஞ்சியவற்றில் மிகுதியானவை பழைய இரும்பாக உடைத்து விற்கப்பட்டன. அம்மாவட்டத்தை அறிந்த ஆங்கில அலுவலர் வால்கவுசு 1878இல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் எழுதிய கட்டுரையே இக்கொட்டில் பற்றிய முதன்மைச் சான்றாக இன்றும் விளங்குகிறது. இருந்ததைச் சொல்ல ஒரு கட்டுரையும் எஞ்சியதைக் காட்டச் சில பேழைகளும் மட்டுமே உள்ளன.

1880இல் எகர்ட்டன் இந்தியப் படைக்கலன்களுக்கு எழுதிய விளக்கக் கையேடு இலண்டன் தொகுப்பை நாடுவாரியாகவும் இனவாரியாகவும் வரிசைப்படுத்தியது. அக்காலத்துக்கு அது பெரும்பணி. ஆயினும் பொருள் அங்கு ஓர் இனத்தின் மாதிரியாகவே நிற்கிறது. இதிலிருந்து வெகுதொலைவு முன்சென்றது 2004இல் வெளிவந்த இராபர்ட்டு எல்குட்டின் 'இந்துப் படைக்கலன்களும் சடங்கும்' என்னும் ஆங்கில நூல். தென்னிந்தியப் படைக்கலன்களின் யாளியும் கிளியும் தாமரையும் வெற்று அலங்காரம் அல்ல; கோயிற் சிற்பத்தோடும் வழிபாட்டோடும் சேர்த்துப் படிக்கத்தக்க குறிகள் என அது நிறுவுகிறது. அந்நூலின் கவனம் பெரும்பகுதி கத்தி, கட்டாரி போன்ற கூர்ங்கருவிகளில் நிற்கிறது. சான்றின் வலிமை சிற்பத்திலும் பொருளிலும் உள்ளது. இலக்கியம், நிகண்டு, உரை, தொழிலோர் வழக்கு எனத் தமிழின் பக்கத்திலிருந்து செய்யவேண்டிய பணி நம்முடையது. அதனை அவர் செய்யவில்லை எனக் குறைகூறுவதினும், நாம் செய்யாதிருக்கிறோம் என வருந்துவதே முறை.

சேகரிப்போரின் வழக்கம் ஒன்றையும் இங்குக் கண்டிக்க வேண்டியுள்ளது. சக்கிமுக்கிப் பொறி திருகாணிகள் சிலவற்றால் கட்டையோடு பிணைக்கப்பட்டது. கழற்றுவது எளிது; பேழையில் வைக்க அழகியது. ஆகவே கட்டை உளுத்தபோதும் குழல் துருவேறியபோதும் விசையை மட்டும் தனியே கழற்றி விற்றலும் வாங்கலும் உலகெங்கும் நடைபெறுகின்றன. தப்பியது அதனாலேயே தப்பியது என்பர். உண்மைதான். ஆனால் கழற்றப்பட்ட விசை தன் ஊரை இழக்கிறது. குழலின் எழுத்து, கட்டையின் மரம், பதிப்பின் முறை ஆகியன உடனிருந்தால்தான் காலமும் இடமும் தெளிவாகும். இந்தியத் திரித்துப்பாக்கிகளிலோ பொறி கட்டையின் உள்ளே அமைவதால் வெளியே தெரியும் கரம் மட்டுமே மிஞ்சும். அவ்வாறு மிஞ்சியது 'வெண்கல யாளி' என்றோ 'விளக்கின் உறுப்பு' என்றோ பெயர் மாறிவிடக் கூடும். ஒரு செய்யுளிலிருந்து உவமையை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு செய்யுளை எரித்துவிடுவதற்கு இது நிகராகும்.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சுடுகலத்தின் உறுப்புகளையும் ஆயுதம் என்பதனுள் அடக்குகிறது. எனவே இங்கு இவ்வாய்வு தனிமனிதச் சேகரிப்பாக வளர்தல் ஆகாது, வளரவும் வேண்டுவதில்லை. 1883இல் நிறுவப்பட்ட தைப்பிங் பேராக் அருங்காட்சியகம் போன்ற பொதுநிறுவனங்களும், பிறநாட்டுத் தொகுப்புகளின் நிழற்படங்களும் இவ்வாய்வின் களங்களாகலாம்.

6. கொல்கருவியில் அழகு

ஆயர் தாவார் முதியவரின் இரண்டாவது வினாவுக்கு இப்போது வருவோம். அவரது அச்சத்தை அறியாமை எனக் கருதுதல் தவறு. அதற்கு வரலாறு உண்டு. 1801இல் பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது; 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரிமமுறையை இறுக்கிற்று. சுடுகலம் மக்களிடமிருந்து விலகி ஆள்வோர் கையில் குவிந்த அக்காலத்திலேயே நம் முன்னோர் கப்பலேறினர். வந்த இடத்திலும் துப்பாக்கி துரையிடமும் காவலரிடமுமே இருந்தது. 1948 சூன் 16ஆம் நாள் இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில், தோட்ட மக்கள் துப்பாக்கியை இரு பக்கத்திலிருந்தும் கண்டு நடுங்கினர். அவர்களிடம் சென்று விசையின் அழகைப் பாராட்டுமாறு கூறுவது எளிதன்று.

எனினும் அவர் கண்ட துப்பாக்கி எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அணியற்ற துப்பாக்கி அது. கிழக்கிந்தியக் கும்பினியின் படைத்துப்பாக்கிகளில் விசைத்தகடு வெறுமையாகவே இருக்கும். அதில் காணும் பொறிப்புகளுள் முதன்மையானது உடைமை முத்திரை: ஏறத்தாழ 1808 வரை இதய வடிவுடைய வணிகக் குறி, அதன்பின் நின்ற சிங்கம். யாளி இருந்த இடத்தில் முத்திரை வந்து அமர்ந்தது. பொறி என்னும் சொல்லின் பொருள்களுள் அழகு சார்ந்தது உதிர்ந்து, உடைமை சார்ந்தது மட்டும் எஞ்சியது. யாளிக் கரம் தன்னை மறைப்பதில்லை; நான் கடிப்பேன் என முகங்காட்டி நிற்கிறது. முத்திரையோ யாருக்குரியது என்பதை மட்டும் கூறி, என்ன செய்யும் என்பதைக் கூறாது விடுகிறது. இவ்விரண்டில் எது நேர்மையானது என்பதைக் கற்போர் முடிவுசெய்யட்டும்.

குமாரசுவாமி 1939இல் எழுதிய 'அணி' பற்றிய கட்டுரையில், அலங்காரம் எனும் வடசொல்லின் வேர்ப்பொருள் மிகைப்படுத்தல் அன்று; போதியதாக்கல், நிறைவாக்கல் என்பதை எடுத்துக்காட்டினார். அணிசெய்யப்படாத கருவி முற்றுப்பெறாத கருவி என்பது அம்மரபின் துணிபு. குடகு நாட்டில் ஆவணி மாதத்தை ஒட்டி நடைபெறும் 'கைல்போல்து' விழாவில் கொடவர் தம் துப்பாக்கிகளைத் துடைத்து வழிபட்டு, அவற்றுக்குச் செங்காந்தள் மலரைச் சூட்டுவர். அம்மலரை அவர்கள் 'தோக்குப்பூ' என்பர்; தோக்கு எனின் துப்பாக்கி. முருகனுக்குரியதாகச் சங்கச் சான்றோர் போற்றிய காந்தள் அது. வழிபாட்டு நாளில் துப்பாக்கி சுடும் பொருளாக இல்லை. அடங்கியிருக்கும் பொருளாக இருக்கிறது. நம் ஆயுத பூசையும் இக்கருத்தினதே. அணிசெய்தல் கொலையைப் புகழ்தல் அன்று; ஆற்றலுக்கு எல்லை கட்டுதல் என்னும் நோக்கு இதனுள் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம். ஆயினும் இதனைக் கொண்டு முதியவரின் அச்சத்தைத் துடைத்துவிட்டோம் எனக் கூற நாம் துணியோம். அழகிய விசையும் சுட்டது, சுட்டவர் வீழ்ந்தனர். ஆய்வு இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். அணிசெய்த விசையைத் தனித்த அரும்பொருளாகக் காணாது, துப்பாக்கி, கம்மியர், அவை, மொழி ஆகியவற்றோடு சேர்த்துக் காணல் வேண்டும் என்பது முதலாவது. வினை, பயன், மெய், உரு என்னும் தொல்காப்பிய அளவை செய்யுளுக்கு மட்டுமன்றிக் கைவினைக்கும் பயன்படும் என்பது இரண்டாவது. அவ்வளவை கண்டித் துப்பாக்கி போன்றவற்றில் விரிந்து கொடுக்கவும் வேண்டும் என்பது மூன்றாவது.

இதன்வழித் தமிழாசிரியர் உடனடியாகச் செய்யத்தக்க பணிகள் இரண்டு உள. கொல்லுப்பட்டறையிலும் நகைத்தொழிலிலும் ஈடுபட்ட குடும்பங்களின் முதியோரிடம் கருவி உறுப்புகளின் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தல் ஒன்று. அகராதியில் ஏறாத சொற்கள் அவர்களோடு மறைந்துவருகின்றன. உருவகத்தைக் கற்பிக்கும்போது நிழற்படங்களைக் காட்டி, மாணவர் கூறும் விடைகளைக் குறித்துக்கொள்ளல் மற்றொன்று.

பட்டறையின் முடிவில் அம்முதியவர் நம்மிடம் வந்து அந்த நிழற்படத்தின் படி ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். தம் தந்தையார் தோட்டத்தில் கத்தி தீட்டும் வேலை பார்த்தவர் என்றும், அவர் கையாண்ட பாக்குவெட்டியின் தலையில் இதே போன்றதொரு விலங்கு இருந்தது என்றும், அது யாளி என்பது அன்றைக்குத்தான் தமக்குத் தெரிந்தது என்றும் கூறினார். அப்பாக்குவெட்டி இப்போது எங்கே என வினவினோம். தோட்டம் துண்டாடப்பட்டபோது பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகக் கூறினார். தஞ்சைக் கொட்டிலுக்கு நேர்ந்தது பெரிய அளவில். இது சிறிய அளவில். இரண்டையும் பதிவுசெய்வது நம் கடமையாகும்.